வாசகர் கேள்வி – பதில்: கீரையும் நினைவாற்றலும்

என் மாமியாருக்கு 72 வயது, சுத்த சைவம். பழகியவர்களின் பெயரே மறந்துபோகிறது. கீரையிலுள்ள லூட்டின் என்ற சத்தை மாத்திரையாக வாங்கித் தரலாமா, கீரையே போதுமா?
– வாசகி, ஈசூன்

மாத்திரை வாங்குமுன் பலதுறை மருந்தகத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். சைவர்களுக்கும், நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கும் அது குறையக்கூடும். குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும். கீரையில் பி12 இல்லை. ஃபோலிக் அமில மாத்திரையை நீங்களாகவே தொடங்கவும் வேண்டாம். அது ரத்தசோகையை மட்டும் சரிசெய்து பி12 குறைவை மறைத்துவிடும். நரம்பு பாதிப்போ உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும்.

இனி கீரைக்கு வருவோம். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் 960 முதியவர்களைச் சராசரியாக 4.7 ஆண்டுகள் கவனித்தார்கள். நாளுக்கு ஒன்றேகால் பரிமாறல் அளவு கீரை சாப்பிட்டவர்களின் நினைவாற்றல், கீரையைத் தொடாதவர்களைவிட 11 வயது இளையவர்களுக்குரிய வேகத்தில்தான் தேய்ந்தது. கீரையிலுள்ள லூட்டின், வைட்டமின் கே, ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்), நைட்ரேட், கெம்ஃபெரால் என்ற தாவரப்பொருள் ஆகியவை அதோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. தொடர்பு என்று மட்டும்தான் சொல்லலாம். கீரையை முன்னிறுத்தும் 'மைண்ட்' உணவுமுறையை 604 பேரிடம் 3 ஆண்டுகள் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவில், ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இது மருந்தல்ல, நல்ல பழக்கம். லூட்டினை மாத்திரையாக விற்பவர் கூடுதலாக நிரூபித்தது எதுவுமில்லை.

ஒரு பரிமாறல் என்பது வெந்த கீரை அரை கப். அதற்குத் தண்டு நீக்கிய இலை சுமார் 100 கிராம் வேண்டும். ஈரச்சந்தையில் கிடைக்கும் 250 கிராம் பொட்டலம் இருவருக்கு ஒரு வேளைக்குச் சரியாக வரும்.

நறுக்கிக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுகிறேன். நிறம் மங்காமலிருக்கக் கொஞ்சம் ஆப்பசோடாவும் போடுகிறேன். சரியா?
– வாசகர், தெம்பனிஸ்

மூன்றுமே தவறு. ஃபோலேட் தண்ணீரில் கரைவது. நறுக்கிய இலையை ஊறவைத்தாலும், வெந்த நீரை வடித்தாலும் அது தொட்டிக்குத்தான் போகும். பசலையை இப்படி வடித்தால் ஏறக்குறைய பாதி போய்விடும். சோடா இலையைக் கூழாக்கும், வைட்டமின் சியையும் பி1ஐயும் அழிக்கும்.

முழு இலையாக 15 நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் அலசி, பிறகு நறுக்குங்கள். வாணலியில் 2 தேக்கரண்டி எண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டு, தண்டை முதலில் 1 நிமிடம் வதக்குங்கள். கங்கோங் (வள்ளைக்கீரை) என்றால் இது கட்டாயம். இல்லாவிட்டால் இலை குழைந்த பிறகும் தண்டு நறநறக்கும். அடுத்து இலையைப் போட்டு 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, 3 நிமிடம் மூடாமல் கிளறினால் போதும். கீரையிலிருந்து கிளம்பும் அமிலம் மூடிக்குள் அடைபட்டால், பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றிப் பாசிநிறமாக்கிவிடும். புளியும் எலுமிச்சையும் அமிலம் என்பதால் அவற்றை இறக்கியபின் சேருங்கள்.

நிறம் மங்கினால் லூட்டினும் போயிற்று என்று கவலைப்பட வேண்டாம். அது பச்சைக்கு அடியில் ஒளிந்திருக்கும் மஞ்சள். ஆனால் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே இல்லாத 'டயட்' கீரையில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் போய்விடும். பாசிப்பருப்போடு தேங்காய்த் துருவல் போடுவது நம் பாட்டிமார் கண்ட சரியான வழி.

இடையில் ஒன்று: கீரையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கிலுள்ள பாக்டீரியாக்கள். ரத்தக்குழாய் தளர அது உதவுகிறது. கிருமிநாசினி வாய் கொப்பளிப்பானை அடிக்கடி பயன்படுத்தினால் இந்த வேலை கெடும்.

அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீரையை அடியோடு நிறுத்தவா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

வேண்டாம். வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. கீரையிலுள்ள வைட்டமின் கே அதன் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிடலாம். வாரத்துக்கு வாரம் ஒரே அளவு சாப்பிடட்டும். மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கல் உள்ளவர் மட்டும் பசலையையும் தண்டுக்கீரையையும் வேகவைத்து நீரை வடிக்கலாம். கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அந்த நீரில் இறங்கும். ஃபோலேட்டை இழப்பதுதான் விலை. காய்லான், சாய் சிம் என்ற சீனக் கீரைகள் இரண்டிலும் ஆக்சலேட் குறைவு என்பதால் அவற்றுக்கு மாறுவது மேல்.

வீட்டுத்தொட்டியில் சாயூர் மானிஸ், வல்லாரை இரண்டும் உண்டு. பச்சையாக அரைத்துக் குடிக்கலாமா?
– வாசகர், பிடோக்

சாயூர் மானிஸ் என்கிற தவசிக்கீரையைப் பச்சைச் சாறாகக் குடிக்கவே கூடாது. 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க அதைக் குடித்தவர்களுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு, மூச்சுத் திணறல் நிரந்தரமாயிற்று. நன்றாக வேகவைத்து, முட்டையோடு பொரியலாகச் சாப்பிடுங்கள்.

வல்லாரையைத் துவையலாகத் தாராளமாக அரைக்கலாம். ஆனால் அதிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்ற பொருள் நினைவாற்றலுக்கு உதவுமா என்று பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விலங்குகளில் நடந்தவை. 'பிரம்மி' என்று எழுதிய டப்பாவில் வல்லாரையும் இருக்கலாம், நீர்ப்பிரம்மியும் இருக்கலாம். இரண்டும் வேறு செடிகள், உள்ளிருக்கும் பொருளும் வேறு. தாவரப் பெயரைப் படித்துப்பார்த்து வாங்குங்கள்.