கொடை ரோட்டில் இறங்கி எப்படிப் போவது?

வணக்கம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் கொடை ரோட்டுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, அம்மாவோடு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கொடைக்கானல் போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. மலைக்கு அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர்.

ஸ்டேஷன் இருப்பது அம்மையநாயக்கனூரில். திருச்சி–மதுரைப் பாதை 1875-இல் வந்தபோது, மலைக்குப் போகிறவர்கள் இறங்க வாகான இடம் இதுதான். இங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ ஏறுவார்கள். வசதியானவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவதும் உண்டு! மோட்டார் சாலை வந்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாண்டியன் விடியுமுன்பே வந்துவிடும். அந்த நேரத்தில் வெளியே பெரிய நடமாட்டம் இருக்காது. அம்மா கூட வருவதால் கார் சொல்லி வைத்துவிடுங்கள். மூன்று மணி நேரம் ஆகும், வளைவுகள் அதிகம், வெறும் வயிறு வேண்டாம். பஸ் என்றால் வத்தலக்குண்டு போய் மாற வேண்டும். அப்புறம், 2024 மே முதல் கொடைக்கானல் போகும் காருக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம். டிரைவரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை.