கூலண்ட் எங்கே போகிறது? பழைய கார் வைத்திருப்போர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பத்து வயதைத் தாண்டிய கார்களைப் பற்றியவை. சிங்கப்பூரில் காரைப் பத்து ஆண்டு வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் சிஓஇ. அது விற்கிற விலையில் பலரும் பழைய காரின் சிஓஇ-யையே புதுப்பித்து ஓட்டுகிறோம். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: கார் 12 வயது. சிஓஇ-யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன். பத்து நாளுக்கொரு முறை, என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் அரை லிட்டர் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போச்சு, 2,400 வெள்ளி ஆகும்" என்கிறார். செய்துவிடலாமா? (ஈசூன்)

பதில்: வேண்டாம், பொறுங்கள். எதைச் சோதித்துப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். ஹெட் கேஸ்கெட் என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருக்கும் தகடு. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தால் அது தெரியாது.

தரையில் சொட்டவில்லை என்பதால் வெளியே கசியவில்லை என்று ஆகிவிடாது. சூடான என்ஜின் மேல் மெதுவாகக் கசிந்தால் அங்கேயே ஆவியாகிவிடும். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை, இந்த மூன்று இடங்களையும் விடாதீர்கள். காய்ந்த கூலண்ட் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒட்டியிருக்கும்.

அப்புறம் இரண்டு சோதனைகள். முதலாவது அழுத்தச் சோதனை. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கை பம்பை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அளவுக்குக் காற்று அடிப்பார்கள். பல ஜப்பானியக் கார்களின் மூடியில் 1.1 என்று இருக்கும். கால் மணி நேரத்தில் முள் இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் ரப்பர் இறுகிப்போனாலே கூலண்ட் வெளியேறும், அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

இரண்டாவது புகைச் சோதனை. என்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். பெட்ரோல் கார் என்றால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். அந்த மஞ்சளை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு 2,400 வெள்ளியைப் பற்றிப் பேசலாம். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் வொர்க்‌ஷாப்பில் காரை விடாதீர்கள். சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் வேறு கடைகள் நிறைய உண்டு.

கேள்வி: ஏர்கான் போட்டு ஓட்டி நிறுத்தினால் காரின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸ்கெட்டா? (செங்காங்)

பதில்: ஏர்கான் தண்ணீர். கவலையே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைன் விளம்பரம் பார்த்து, ஒருவரிடமிருந்து நேரடியாக 13 வயதுக் கார் வாங்கினேன். இரவு 9 மணிக்குப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பார்த்தேன். போனபோதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அன்றே முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். ஒரே வாரத்தில் சூடு முள் மேலே ஏறுகிறது. லெமன் சட்டத்தில் பணம் திரும்பக் கிடைக்குமா? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கிடைக்காது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் அந்தச் சட்டம், வியாபாரி பயனீட்டாளருக்கு விற்பதற்குத்தான். தனியாள் தனியாளுக்கு விற்பது அதில் வராது. கோபப்படாதீர்கள் தம்பி, ஆனால் இதை எத்தனை முறைதான் எழுதுவது? பழைய காரைப் பகலில் பாருங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள், சுட்டால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். கேஸ்கெட் கோளாறு குளிர்ந்த என்ஜினில்தான் காட்டிக்கொடுக்கும்: முதல் நிமிடத்தில் ஒரு சிலிண்டர் தடுமாறும், புகைபோக்கியில் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை வரும், ராத்திரி முழுக்க நின்ற காரிலும் மேல் ஹோஸ் கல்லாக இறுகியிருக்கும். இத்தனை ஆயிரம் வெள்ளி கொடுப்பதற்கு முன் ஒரு பரிசோதனை நிலையத்துக்குக் கட்டணம் கட்டிக் காட்டியிருக்கலாம். இப்போதைக்குக் காரை ஓட்டாதீர்கள், ஹெட் வளைந்துவிடும். மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

கேள்வி: கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் என்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்கிறார் நண்பர். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லையாமே? (பிடோக்)

பதில்: இந்தப் பேச்சினால் நான் ஒரு காரையே இழந்திருக்கிறேன். சிஓஇ நான்கு வருடம் மீதியிருந்த ஒரு பழைய செடான் அது. பார்க்கப் போன அன்று அரை மணி நேரம் ஓட்டியும் சூடு முள் கால் பங்கைத் தாண்டவில்லை. எவ்வளவு நல்ல என்ஜின் என்று மகிழ்ந்து வாங்கினேன். இரண்டாம் மாதம் குடும்பத்தோடு மலாக்கா போகும் வழியில், நெடுஞ்சாலையில் முள் ஒரே ஏற்றமாகச் சிவப்புக்குப் போனது. பின்னால் குழந்தைகள் இருந்தார்கள், அடுத்த ஓய்விடம் வரை போய்விடலாம் என்று ஓட்டினேன். ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் இரும்பு ஸ்கேலை அதன் மேல் குறுக்கே வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது, ஹெட் வளைந்துவிட்டது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

என்ஜின் கூலண்ட் ஏறக்குறைய 90 டிகிரியில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. வெளியே 32 டிகிரி என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் சூடேறவே நேரமாகும், கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடாகும். சில என்ஜின்களில் அது இல்லாதபோது கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். அப்போது வேகமாக ஓட்டினால் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். பழைய கோளாறை மறைக்கத்தான் பலர் இதைக் கழற்றுகிறார்கள். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், கேட்காதீர்கள்.

கேள்வி: கசிவை அடைக்கும் மருந்து ஊற்றலாமா? (தோ பாயோ)

பதில்: வேண்டாம். ஓட்டையை அடைப்பது ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும்.

கேள்வி: கார் வியாபாரியிடம் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. என்ஜின் கொதித்தது. வேறு வொர்க்‌ஷாப்பில் காட்டினால், ரேடியேட்டருக்குள் அடைப்பு மருந்தின் பழுப்புச் சேறு. வியாபாரி, "இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று நான் கையெழுத்திட்ட வரியைக் காட்டுகிறார். கணவருக்கு வேலை போன நேரம், என்ன செய்வதென்று தெரியவில்லை. (உட்லண்ட்ஸ்)

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், சட்டம் உங்கள் பக்கம் பேசும். லெமன் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வியாபாரி. காரின் வயதையும் விலையையும் பார்ப்பார்கள்தான். ஆனால் அந்தக் குறையை வாங்கும் முன்பே அவர் உங்களிடம் சொல்லவில்லை என்றால், ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இந்த உரிமையைப் பறிக்க முடியாது.

அவசரப்பட்டு நீங்களே பழுது பார்த்துவிடாதீர்கள். சரிசெய்ய அவருக்கு முதலில் வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதை எழுத்தில் கேளுங்கள். பழுப்புச் சேற்றைப் படம் எடுத்துவையுங்கள், வொர்க்‌ஷாப்பிலிருந்து தேதியிட்ட அறிக்கை வாங்குங்கள். அவர் இழுத்தடித்தால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். அதிலும் முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கேஸ்கெட்தான் என்று சோதனையில் உறுதியாகிவிட்டது. 2,800 வெள்ளி. சிஓஇ இன்னும் 14 மாதம். (புக்கிட் பாத்தோக்)

பதில்: மாதத்துக்கு 200 வெள்ளி ஆகிறது. இன்றே பதிவை நீக்கினால் மீதி மாதங்களுக்குரிய சிஓஇ தொகை எவ்வளவு திரும்பும் என்று பார்த்து, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பழுது பார்ப்பதென்றால், ஹெட்டின் சமதளத்தை அளந்து காட்ட வேண்டும், இறுக்கும்போது நீண்டுவிடும் வகை போல்ட்டுகளைப் புதிதாகப் போட வேண்டும், முதலில் ஏன் சூடானது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவதைச் செய்யாவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் போய்விடும்.

கேள்வி: எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தில் தினமும் கொஞ்சம் பச்சையாகச் சொட்டுகிறது. தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? (ஆங் மோ கியோ)

பதில்: இன்றே பாருங்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், புளோக்கின் கீழே திரியும் பூனைகள் நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவிவிடாதீர்கள், கால்வாய்த் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பழைய நாளிதழைப் போட்டு ஒற்றி எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வொர்க்‌ஷாப்புக்குப் போகும்வரை அடியில் ஒரு தட்டும், அதன் மேல் ஒரு கம்பி வலையும் வையுங்கள்.