28,000 சம்பளத்துக்கு ஒடிசா போனால் கையில் என்ன நிற்கும்?

கேள்வி: எம்எஸ்சி அப்ளைடு ஜியாலஜி முடித்து ஒரு வருடம் ஆகிறது. ஊர் ஓமலூர் பக்கம். ஒடிசாவில் பர்பில் அருகே ஒரு இரும்புத்தாதுச் சுரங்கத்தில் ஜூனியர் ஜியாலஜிஸ்ட் வேலை இருக்கிறது, ஏஜென்சி வழியாக மாதம் 28,000 சிடிசி (கம்பெனிக்கு உங்களுக்காக ஆகும் மொத்தச் செலவு) என்கிறார்கள். கல்விக் கடன் தவணை 5,200. வீட்டுக்கு 8,000 அனுப்ப வேண்டும். கட்டுப்படியாகுமா? இன்னொருவர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் வளைகுடாவில் மட் லாகிங் (எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது மேலே வரும் பாறைத் துகளைப் பார்த்துப் பதிவு செய்வது) வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எதற்குப் போகலாம்?

பதில்: தம்பி, முதலில் அந்த ஒன்றரை லட்சம் பேச்சை விடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது: 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கிறவரிடம் பதிவு எண் கேளுங்கள், கொடுத்தால் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், பாதிப் பேர் எண் கேட்டவுடனே பேச்சை மாற்றுவார்கள். இதில் படித்த பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், காரணம் இருக்கிறது. பத்தாவது தேறியவர்களுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை என்பதால் உங்கள் வேலை ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன் அரசுத் தரப்பில் யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. அந்த ஓட்டையில்தான் விசிட் விசாவில் அனுப்புகிறவன் பிழைக்கிறான். "அங்கே போனதும் மாற்றிவிடுவோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "வேலை உத்தரவாதம்" என்று போட்டு மட் லாகிங் பயிற்சி விற்கிறவர்களும் இதே வகைதான், ரிக்கில், அதாவது துளையிடும் மேடையில், வேலை தருகிற கம்பெனி தன் ஆட்களுக்குத் தானே பயிற்சி கொடுத்துக்கொள்ளும்.

இப்போது பர்பில் கணக்கு. 28,000 சிடிசி என்றால் கையில் 28,000 வராது. கம்பெனி பங்கு பிஎஃப்பை அதற்குள்ளேயே வைத்திருப்பார்கள், பிஎஃப் கணக்கிடும் சம்பளத்துக்கான 15,000 உச்சவரம்பின்படி அது நிர்வாகக் கட்டணம், காப்பீட்டுக் கட்டணத்தோடு 1,950. உங்கள் பங்கு 1,800. மீதி 24,250. தவணையும் வீட்டுக்கும் போக 11,000 நிற்கும். அறையைப் பகிர்ந்துகொண்டால் 3,000, சாப்பாடு 5,000, போன், சோப்பு, பஸ் என்று ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள். 2,000 மிஞ்சும், ஊருக்கு வருகிற மாதம் அதுவும் காலி. ஆலப்புழா-தன்பாத் ரயிலில் ரூர்கேலா வரைக்கும் ஸ்லீப்பர் கிடைத்தால் சரி, கிடைக்காமல் தட்காலில் போட்டால் கணக்கு உதைக்கும். அதனால் ஏஜென்சி சொல்கிற இந்த நிபந்தனைக்கு என் பதில், போகாதீர்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் போகலாம். சுரங்கத்தின் கேம்ப்பிலேயே தங்கலும் மெஸ்ஸும் இலவசம் என்றால். அப்படியானால் மாதம் 8,000 கூடுதலாக மிஞ்சும், 24,250 மதிப்பாகத் தெரியும். ஆனால் கேம்ப் மட்டும் போதாது. அனுபவச் சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். ஏஜென்சி லெட்டர்ஹெட்டில் வந்தால் அடுத்த கம்பெனியில் அதற்கு மதிப்பு குறைவு. குத்தகை வைத்திருக்கும் கம்பெனி, நீங்கள் அவர்கள் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்டாக இத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும். அதோடு வேலை நிஜமாகவே ஜியாலஜி வேலையாக இருக்க வேண்டும். கோர் பெட்டி (துளைத்து எடுத்த உருளைப் பாறை மாதிரிகளை அடுக்கிய பெட்டி) வந்ததும் ஆழம் சரிபார்த்து, ஈரமாக்கிப் படம் எடுத்து, எத்தனை மீட்டர் துளைத்ததில் எத்தனை மீட்டர் கோர் வந்தது என்று எழுதி, உதிர்ந்து பொடியான தாதுப் பகுதியில் எங்கே கோர் தொலைந்தது என்று ட்ரில்லரிடம் சண்டை போட்டு மாதிரி பிரித்து அனுப்புவது, அதுதான் வேலை. லாரி எண்ணுவதும் டிரிப் சீட்டு எழுதுவதும் இல்லை. இலவச கேம்ப், சுரங்கக் கம்பெனியின் சான்றிதழ், கோர் பெட்டி, மூன்றும் இருந்தால் ஒன்றரை வருடம் போய் வாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

பிஎஃப் பிடிக்கிறார்கள் என்றால் யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் கணக்கு எண்ணை முதல் மாதமே வாங்கி பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத ஏஜென்சிகள் ஏராளம். "பில் பாஸ் ஆகவில்லை" என்று இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்திவைப்பதும் வாடிக்கை. அசல் டிகிரி சான்றிதழை எந்தக் காரணத்துக்கும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

ஊருக்குப் பக்கத்திலேயே மாதம் ஐயாயிரம், வேலைக்கே வர வேண்டாம், பெயர் மட்டும் போடுகிறோம் என்று சின்னக் குவாரிக்காரர்கள் கூப்பிடுவார்கள். சுரங்க விதிகளில் ஜியாலஜிஸ்டை நியமிக்கச் சொல்லியிருப்பதால் காகிதத்தில் ஒரு பெயர் தேவைப்படுகிறது, அவ்வளவே. அங்கே ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பெயரை வாடகைக்கு விடாதீர்கள்.

நிஜமான வித்தியாசம் மத்திய அரசு வேலையில்தான். யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவியறிவியலாளர் தேர்வில் தேறி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போனால் அடிப்படை 56,100. 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படி சேர்த்தாலே 88,638. வீட்டு வாடகைப் படி சென்னை, கொல்கத்தா மாதிரி நகரத்தில் 30 சதவீதம், நாக்பூர் மாதிரி ஊரில் 20, சிற்றூரில் 10. என்பிஎஸ் எனும் ஓய்வூதியப் பிடித்தம், வரி எல்லாம் போக 90,000 முதல் ஒரு லட்சம் வரை கையில் நிற்கும். உங்கள் தவணையும் வீட்டுக்கு அனுப்புவதும் அதில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது.

சரி, இடம் எத்தனை? 2023இல் 285, 2024இல் 56, 2025இல் 85. ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, நிலத்தடி நீர் எல்லாம் சேர்த்து, நாடு முழுவதற்கும். ஒரு வருடம் திறந்துவிட்டு அடுத்த வருடம் மூடினால் பிள்ளைகள் எதை நம்பித் தயாராவது? முக்கியக் கனிமம், லித்தியம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், அதைத் தேடிப் போக வேண்டிய ஆளை ஏஜென்சி கையில் விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். நம் மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சி உதவிப் புவியியலாளர் பணிக்கு அடிப்படை 37,700, நல்ல வேலை, ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே வயது போகிறது.

யுபிஎஸ்சி அறிவிப்பு செப்டம்பர் வாக்கில் வரும், முதல்நிலை பிப்ரவரியில். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. கட்டணம் 200 ரூபாய். பர்பில் போனாலும் போகாவிட்டாலும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். போவதாக இருந்தால், தேர்வுக்கு விடுப்பு தருவார்களா என்பதையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.