மாலேவிச்சின் முகங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய ஓவியர் காசிமிர் மாலேவிச் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். ஓவியம் காலாவதியாகிவிட்டது என்று 1920-ல் எழுதியவர், 1933-ல் மனைவியையும் தன்னையும் கண், மூக்கு, வாயோடு வரைந்தது ஸ்டாலின் அரசுக்குப் பணிந்துதானே? இன்னொன்று: நானும் எண்ணெய் வண்ணத்தில் அந்தப் பாணியைப் பழகுகிறேன். தட்டையான உடை, அதற்குமேல் இயல்பான முகம். தலை வெட்டி ஒட்டியதுபோலவே வருகிறது. எங்கே பிசகுகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நெருக்கடி மெய்தான். அவர் தலைமையில் லெனின்கிராடில் இயங்கிய கலை ஆய்வு நிறுவனம் 1926-ல் மூடப்பட்டது. 1930-ல் அவரைக் கைதுசெய்து விசாரித்தார்கள். 1932 ஏப்ரல் ஆணை எல்லாக் கலைக்குழுக்களையும் கலைத்தது. ஆனால் பணிந்தவர் வரைந்த படமா அந்த 1933 சுயஉருவப்படம்? அரசுக்கு வேண்டியிருந்தவர்கள் உழைக்கும் நாயகர்கள். இவரோ மறுமலர்ச்சிக்கால ஐரோப்பியக் கனவானைப்போல உடுத்தி நிற்கிறார். கீழ்மூலையில் பெயருக்குப் பதில் ஒரு சிறு கறுப்புச் சதுரம். வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டுமே உள்ள அவருடைய 1915 ஓவியத்தை நினைவூட்டும் அடையாளம் அது.

உருவத்துக்கு அவர் திரும்பியது கைதுக்கு முன்பே. 1920களின் இறுதியிலேயே குடியானவர்களை வரையத் தொடங்கிவிட்டார். அவர்களில் பலருக்கு முகம் வெறும் முட்டை வடிவம். இந்தக் காலவரிசையில் ஒரு சிக்கல் உண்டு. 1927-ல் வார்சாவுக்கும் பெர்லினுக்கும் கொண்டுபோன படங்களை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். 1929-ல் மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் கலைக்கூடத்தில் தனிக்கண்காட்சி. அந்த ஆண்டுகளில் தன் இளமைக்காலப் பாணிகளில் புதிதாக வரைந்து பழைய தேதிகளைப் போட்டார். 'பூக்காரி' படத்தில் 1903 என்று இருக்கும். வரைந்தது 1920களின் கடைசியில்தான். கித்தானில் உள்ள ஆண்டை நம்பி அவர் வளர்ச்சியை அடுக்கினால் கணக்கு தலைகீழாகும். அதே 1929-ல், 1915-இன் சதுரம் வெடித்துப்போயிருந்ததால், இன்னொரு 'கறுப்புச் சதுர'மும் வரைந்தார். சதுரத்தைக் கைவிட்டவர் செய்கிற வேலையா இது?

சுயஉருவப்படத்தின் அச்சுப்பிரதி ஒன்றை எடுத்து முகத்தைக் காகிதத்தால் மறையுங்கள். உடையில் மிஞ்சுவது சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பச்சைத் தளங்கள். அதாவது சுப்ரமாட்டிசம், உருவங்களை விட்டு வெறும் வடிவங்களாலும் நிறங்களாலும் வரையும் அவருடைய பாணி. பிறகு கையைப் பாருங்கள். கட்டைவிரல் விலகி, உள்ளங்கை விரிந்து, இல்லாத ஒரு சதுரத்தின் விளிம்பைப் பிடித்திருப்பதாகப் பலர் வாசிக்கிறார்கள். எனக்கும் அது மிகையாகத் தோன்றவில்லை. ஏனென்றால் அதே ஆண்டின் 'தொழிலாளிப் பெண்' படத்திலும் கைகள் குழந்தையை ஏந்தும் நிலையில் இருக்கின்றன, குழந்தை இல்லை. திரும்பி வந்தார் என்பதைவிட, சதுரத்தை உடுத்திக்கொண்டு வந்தார் என்பேன்.

(முதல் உலகப்போரை ஒட்டி பிக்காசோவும் மனைவி ஓல்காவை மரபான முறையில் வரைந்தார். அவரை மிரட்ட எந்த ஆணையும் இருக்கவில்லை.)

இனி உங்கள் தலை. பக்கவாட்டு ஒளியில் முகத்தை வரைகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்போது ஒரு கன்னம் இருட்டாகும். உடையிலோ ஒளியே இல்லை. ஒரே படத்தில் இரண்டு உலகங்கள். முன்பக்க ஒளியில் வரையுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுத்துப் பார்த்தால், முகத்தின் ஆழ்ந்த நிழல்கூட உடையின் கறுப்பைவிடத் தெளிவாக வெளிறியிருக்க வேண்டும். தாடையின் நிழலைக் கழுத்துப்பட்டியின்மேல் விழவிடாதீர்கள். விழுந்த அந்த இடத்தில் தட்டை போய்விடும். முகத்துக்கும் அடர்நிற உடைக்கும் நடுவே வெள்ளைக் கழுத்துப்பட்டி ஒன்று வந்தால் இணைப்பு எளிது. பின்னணி இடைநிலை அடர்த்தியில் ஒரே நிறமாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு கையையாவது காட்டுவது. முகத்துக்குக் கொடுத்த அதே திரட்சியைக் கைக்கும் கொடுத்தால், தசை இரண்டு இடங்களில் தெரியும். நடுவில் உள்ள தட்டை உடையை அவை மேலும் கீழுமாகப் பிடித்து நிறுத்தும். மார்பளவோடு வெட்டிவிடுகிற படங்களில்தான் தலை அதிகம் மிதக்கிறது.

தட்டைத் தளங்களைத் திருத்தித் திருத்திப் பூசும் ஆசை வரும். அங்கே கவனம் வேண்டும். 1915-இன் சதுரத்துக்கு அடியில் வேறு வண்ண ஓவியங்கள் இருப்பதை ஊடுகதிர்ப் படங்கள் காட்டின. கீழ்ப்படலம் முழுதாகக் காயுமுன் மேலே கறுப்பு ஏறியதால்தான் அத்தனை வெடிப்பு. எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாள் முதல் இரண்டு வாரத்தில் வந்துவிடும். உள்ளே காய ஆறு மாதம், தடித்த பூச்சென்றால் ஓராண்டும் ஆகலாம். ஆகவே தளங்களின் எல்லைகளைக் கரிக்கோட்டிலேயே முடிவுசெய்துவிடுங்கள். முதல் பூச்சு மெலிதாக, எண்ணெய் குறைவாக. அடுத்ததில் சற்றுக் கூடலாம். ஐவரி பிளாக் மெதுவாகக் காயும் நிறம், அதை அடிப்பூச்சாகப் போடவே வேண்டாம். அடியில் இருட்டு தேவையென்றால் சீக்கிரம் காயும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பைப் போடுங்கள், கறுப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.