ஐஸ் மீன்பிடிக்கப் போகிறீர்களா? காசை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை உறைந்த ஏரிக்குப் போய் வாலாய், பெர்ச் என்ற இரண்டு வகை மீனும் பிடிப்பதாகத் திட்டம். கூடாரம், ஹீட்டர், பனியைத் துளைக்கும் ஆகர், தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் எல்லாவற்றையும் பங்கு போட்டு வாங்கிவிடலாம் என்கிறான் ஒருவன். பனிமேல் போட்டிருக்கும் ஹட் (மீன்பிடிக் குடில்) வாடகைக்கு எடுத்தால் போதும் என்கிறான் இன்னொருவன். எது லாபம்? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: முதல் தடவைக்கு வாடகைதான், சந்தேகமே வேண்டாம். பங்கு போட்டு வாங்கினால், அதெல்லாம் யார் வீட்டு கராஜில் கிடப்பது என்று பிறகு ஒரு பஞ்சாயத்து வரும். ஆனால் வாடகையிலும் ஏமாற வழியுண்டு. விலையை விட நேரத்தைக் கவனியுங்கள்.

வாலாயும் பெர்ச்சும் ஒரே ஏரியில் இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் கடிப்பவை அல்ல. வாலாயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. வெளிச்சம் மங்கி மற்ற மீன்கள் தடுமாறும்போது அது வேட்டைக்குக் கிளம்பும். விடிகாலையும் அந்தியும்தான் அதன் நேரம். பெர்ச் பகல் மீன், இருட்டினால் அநேகமாக அடங்கிவிடும். பகல் பேக்கேஜ்கள் பெரும்பாலும் மாலை நான்கு, ஐந்து மணிக்கு முடிந்துவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில், வாலாய்க்குப் போகும் நிப்பிஸிங் ஏரிக்கரையிலுள்ள நார்த் பே பக்கம் சூரியன் மறைவது ஐந்தரை மணியளவில். ஆக, வாலாய் வருகிற நேரம் பார்த்து உங்களை வண்டியில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள்!

அதனால் முதலில் மீனை முடிவு செய்யுங்கள். பெர்ச் போதும் என்றால் டொராண்டோவுக்கு வடக்கே பக்கத்திலேயே சிம்கோ ஏரி, பகல் ஹட், மாலையில் வீடு. வாலாய் வேண்டும் என்றால் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி நிப்பிஸிங் ஏரி, அதுவும் ஒரு ராத்திரி தங்கும் ஹட். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். வாடகை கூடத்தான், ஆனால் ஒரு அந்தியும் ஒரு விடியலும் கையில் கிடைக்கும். நடுப்பகலில் பெர்ச்சையும் பார்த்துக்கொள்ளலாம். நிப்பிஸிங்கில் வாலாய்க்குத் தனி விதி உண்டு, வருடா வருடம் அரசு வெளியிடும் மீன்பிடி விதித் தொகுப்பில் அந்த ஏரியின் பெயரைத் தேடிப் படித்துவிட்டே கிளம்புங்கள்.

புக் செய்யுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: கரையிலிருந்து ஹட்டுக்குக் கொண்டுபோய் விடுவது வாடகையில் அடக்கமா? தூண்டில், இரை, ஹீட்டர் கேஸ் யாருடையது? மீன் கடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றுவார்களா? முக்கியமாக, உள்ளே எத்தனை துளை? ஒண்டாரியோவில் பெரும்பாலான இடங்களில் பனிமேல் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். ஆனால் எந்தத் தூண்டிலிலிருந்தும் 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அது எப்போதும் மறைப்பில்லாமல் கண்ணில் பட வேண்டும். ‘ஐந்து பேருக்கான ஹட்’ என்று விளம்பரம் செய்துவிட்டு நான்கு துளை போட்டிருந்தால் ஒருவர் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், எதை வாங்குவது? உடம்பைக் காக்கும் பொருட்களை. நல்ல பூட்ஸ், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை, கழுத்தில் தொங்கவிடும் ஐஸ் பிக்ஸ். கடைசியாகச் சொன்னது மரப்பிடியில் ஆணி அடித்த ஒரு ஜோடி, விலை அதிகமில்லை. பனி உடைந்து உள்ளே விழுந்தால் வழுக்குகிற விளிம்பில் வெறுங்கையால் பிடி கிடைக்காது, இந்த ஆணிகளைக் குத்தித்தான் மேலேறி வர முடியும். நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கண்ணாடி போன்ற தெளிந்த பனி வேண்டும். பனிப்பொழிவு கலந்த வெள்ளைப் பனி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

தூண்டில் ஹட்காரரே தந்தால் அதையே பிடியுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு மீனுக்கும் ஒரே கோல் சரிப்படாது. பெர்ச் இரையை உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும், கோலின் நுனி நூலிழை அசைவதோடு சரி. அதற்கு மெல்லிய அல்ட்ராலைட் கோல், 2 முதல் 4 பவுண்டு நரம்பு. வாலாய்க்கு மீடியம் அல்லது மீடியம் லைட், 6 முதல் 8 பவுண்டு.

ஃபிஷ் ஃபைண்டர் முதல் பயணத்துக்குத் தேவையில்லை, ஆனால் யாராவது இரவல் தந்தால் விடாதீர்கள். ஃபிளாஷர் வகையில் உங்கள் இரை ஒரு கோடாகத் தெரியும். தரையிலிருந்து இன்னொரு கோடு பிரிந்து, பச்சையிலிருந்து சிவப்பாக மாறிக்கொண்டே மேலே வரும், அதுதான் மீன். இரையைச் சற்று உயர்த்தினால் அதுவும் கூடவே உயரும். இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுவாரமே கடைக்குப் போய்விடுவார்கள், அது ஒன்றுதான் ஆபத்து.

அடுத்த வருடமும் ஆசை தீராவிட்டால் மார்ச் கடைசியில் பழைய சாமான் பாருங்கள். கூடாரத்தை விற்பவர் கண்முன்னே முழுதாக விரித்துப் பார்த்தே காசு கொடுங்கள்: ஜிப், கம்பு சேரும் மூலைகள், எலி கடித்த ஓட்டைகள். ஆகர் என்றால் கத்தி விளிம்பில் துரு, பல் உடைந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள், மாற்றுக் கத்தியின் விலையையும் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். வீட்டு டிரில்லில் ஆகரை மாட்டுவதாக இருந்தால் துளைக்குள் நழுவாதபடி மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால், டிரில்லின் வாய் தளர்ந்தால் ஆகர் நேரே ஏரியின் அடிக்குப் போய்விடும். இன்னொன்று, விரித்த நிலையில் அடித்தளம் 7 சதுர மீட்டருக்குள் இருக்கும் துணிக்கூடாரத்துக்குத்தான் பதிவு எண் வேண்டாம். அதைவிடப் பெரியதைப் பதிவு செய்து வெளியே எண் எழுத வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எட்டுப் பேர் கூடாரம் வாங்குமுன் அளவைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஹட் புக் செய்து 300 டாலர் முன்பணம் கட்டினேன். பனி சரியாக உறையவில்லை என்று அவர்களே ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்பாது, வேறு தேதி தருகிறோம் என்கிறார்கள். ‘காலநிலைக்காகப் பணம் திருப்பப்படாது’ என்று ரசீதில் இருக்கிறது. (மார்க்கம் வாசகி)

பதில்: குளிர் அதிகம் என்று நீங்கள் பின்வாங்குவது வேறு, சேவையை அவர்களால் தர முடியாமல் போவது வேறு. அந்த ஒரு வரியைக் காட்டி இரண்டையும் ஒன்றாக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஒண்டாரியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 50 டாலருக்கு மேல் கட்டி, பிறகு ஒரு தேதியில் தொடங்க வேண்டிய சேவை அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் தொடங்காவிட்டால் ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். அறிவித்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே 30 நாளுக்குள் வரும் தேதி ஒன்றை அவர்கள் தந்தால், உங்களுக்கும் ஒத்துவந்தால், போய்வருவதே நல்லது. அதற்கு மேல் தள்ளினால் மின்னஞ்சலில் எழுதி ரத்து செய்யுங்கள், தொலைபேசியில் சொன்னதோடு விடாதீர்கள். புதிய தேதிக்கு ‘சரி’ என்று எழுதிவிட்டுப் பிறகு பணம் கேட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

இணைய ஒப்பந்தம் என்பதால், 15 நாளில் பணம் வராவிட்டால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் எழுதிக்கேட்டு அந்தக் கட்டணத்தைத் திருப்பவும் சட்டத்தில் இடமுண்டு. இ-டிரான்ஸ்ஃபரில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே) அனுப்பியிருந்தால் இந்த வழி கிடையாது. அதனால்தான் ‘இ-டிரான்ஸ்ஃபர் மட்டும்’ என்கிற இடத்தில் நான் முன்பணம் கட்டுவதில்லை. 2023-24 குளிர்காலத்தைப் போல ஏரி ஒழுங்காக உறையாத வருடங்கள் இனியும் வரும். புக் செய்யும்போதே ‘நீங்கள் ரத்து செய்தால் பணமா, வேறு தேதியா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கூடாரத்துக்குள் வைக்கும் சின்ன புரொபேன் ஹீட்டரில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் வசதி இருக்கிறது. பிறகும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கச் சொல்கிறார்கள். வீண்செலவுதானே? (பிராம்டன் வாசகர்)

பதில்: இல்லை. அந்த வசதி பார்ப்பது காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை மட்டும். கார்பன் மோனாக்சைடை அது அளப்பதில்லை. பர்னரில் அழுக்கு சேர்ந்து கேஸ் சரியாக எரியாவிட்டால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே நஞ்சு சேரலாம். அலாரம் வாங்கும்போது அட்டையில் வெப்பநிலை வரம்பைப் படியுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரங்கள் பலவற்றுக்கு 4 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான் உத்தரவாதம். குளிரில் வேலை செய்யும் கேம்பிங் வகையாகப் பாருங்கள். மேலும் கீழும் காற்றோட்டத்தைத் திறந்து வையுங்கள்.

கேஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கடையில் இதை யாரும் சொல்வதில்லை. ஹீட்டரின் வெப்பத்தை பி.டி.யு. என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பவுண்டு சிலிண்டர் மணிக்கு 9,000 பி.டி.யு.வில் சுமார் இரண்டரை மணி நேரம்தான் எரியும், 4,000-இல் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரப் போகிறவர்கள் மத்தியானத்துக்குள் மூட்டை கட்ட வேண்டிவரும்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாருக்கு 68 வயது. 65-க்கு மேல் மீன்பிடி அனுமதி வேண்டாம் என்கிறார்களே? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்தவர் என்றால் வெளிநாட்டவருக்கான அனுமதி வாங்க வேண்டும், ஒருநாள் அனுமதியும் உண்டு. உங்களுக்கு இன்னொரு செய்தி: பிப்ரவரியில் ஃபேமிலி டே வாரக்கடைசியில் கனடாவில் வசிக்கும் யாரும் அனுமதி வாங்காமலே பிடிக்கலாம், எண்ணிக்கை மட்டும் கன்சர்வேஷன் அனுமதியின் (குறைவாகப் பிடிப்பவர்களுக்கான அனுமதி) குறைந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கும் மாமனாருக்கு வாங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: தெரிந்த ஒருவர் தானே பிடித்த வாலாயைச் சுத்தம் செய்து, கடையை விடப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? (மிசிசாகா வாசகி)

பதில்: வேண்டாம். விளையாட்டு அனுமதியில் பிடித்த மீனை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தோலை முழுக்க உரித்த துண்டாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வழியில் அதிகாரி நிறுத்தினால் என்ன மீன், எத்தனை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், அதற்காகத்தான் துண்டில் கொஞ்சம் தோலை விட்டுவைப்பது. ரொம்பப் பெரிய வாலாயாக இருந்தாலும் யோசியுங்கள், வயதான மீனில் பாதரசம் கூடுதல். எந்த ஏரி, எந்த அளவு மீன், மாதத்துக்கு எத்தனை வேளை என்று மாகாண அரசே கையேடு வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி அளவு. கடையில் வாங்குவதாக இருந்தால் ‘பிக்கரல்’ என்ற பெயரில் தேடுங்கள், இங்கே மீன்கடைகளில் வாலாய் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.