214 கட்டைவிரல், 11 பேர்

சமூக ஊடகங்களை வைத்து ஒரு போராட்டத்தை உருப்படியாக ஒருங்கிணைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொதப்பிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தை இரவு 8 மணிக்குப் பதிலாக மாலை 5 மணிக்கே மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஒரு ஹேஷ்டேக், ஒரு வாட்ஸ்அப் குரூப், சிவப்பு எழுத்தில் ஒரு போஸ்டர். ‘சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலக வாசலில், அனைவரும் திரண்டு வாரீர்!’ என்று போட்டேன். 214 பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சனிக்கிழமை வந்து நின்றவர்கள் 11 பேர். அதிலும் ஒருவர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்.

வராதவர்கள் மேல் முதலில் எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால், தப்பு என் பக்கம். ‘அனைவரும்’ என்று கூப்பிட்டால், ஒவ்வொருவரும் தன்னைத் தவிர்த்த அனைவரையும் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை குரூப்பில் ஒரு வரிகூடப் போடவில்லை. கட்டைவிரல் தூக்கியவர்களில் 40 பேருக்குத் தனித்தனியாக எழுதினேன். ஒன்று இப்படி இருந்தது:

“அக்கா, உங்க பையன் சாயங்காலம் நூலகத்துல உட்கார்ந்துதான் படிக்கிறான்னு எழுதியிருந்தீங்க. அதையே புதன்கிழமை நிர்வாகக் குழு கூட்டத்துல ரெண்டு நிமிஷம் சொல்ல முடியுமா? நான் பக்கத்துலயே இருப்பேன். முடியாதுன்னாலும் பரவாயில்லை, ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

40 பேரில் 26 பேர் சரி என்றார்கள், 22 பேர் வந்தார்கள். ‘முடியாதுன்னாலும் பரவாயில்லை’ என்பதை நான் மரியாதைக்காகத்தான் சேர்த்தேன். ஆனால் வேலை செய்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மறுக்க வழி இருந்தால்தான் மனிதர்கள் பதில் போடுகிறார்கள். பதில் போட்டவர் கிட்டத்தட்ட வந்துவிட்ட மாதிரி.

2014-இல் உலகம் முழுக்கத் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்களே, அதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த விளையாட்டில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. ஊற்றிக்கொண்டவர் அடுத்து மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர்களுக்கு 24 மணி நேரம் கெடு. விஷயம் வாளியில் இல்லை, அந்த மூன்று பெயரில் இருந்தது.

அடுத்தது, யாரிடம் கேட்கிறோம் என்பது. முதல் இரண்டு வாரம் நாங்கள் நூலகத்தின் பக்கத்தைத்தான் டேக் செய்து திட்டித் தீர்த்தோம். அந்தப் பக்கத்தை நடத்தியவர் நூலகர். ஒரு நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, “நேரத்தைக் குறைச்சது நான் இல்லைங்க. எனக்கும் அதுல வருத்தம்தான்” என்றார். எங்கள் பக்கம் நின்றிருக்க வேண்டிய ஆளைத்தான் அத்தனை நாளும் அடித்துக்கொண்டிருந்தோம்! முடிவு எடுத்தது ஒன்பது பேர் கொண்ட குழு. அதில் மூன்று பேர் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தார்கள். ஆக, நாங்கள் பேச வேண்டியிருந்தது மூன்றே பேரிடம். அதற்கு எதற்கு வைரல்? நூறாயிரம் பேர் பார்த்த வீடியோவைவிட, அந்த மூவருக்கும் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதிய கடிதம்தான் எடுபட்டது.

வேகமாகக் கூட்டம் சேர்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. துருக்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் ஜெய்னெப் துஃபெக்சி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தபோது, வெள்ளையருக்குப் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் அச்சடித்தார். அதைக் கை மாற்றிக் கை மாற்றித்தான் ஊர் முழுக்கச் சேர்க்க முடிந்தது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல யார் கார் எந்த முக்கில் நிற்கும் என்பதுவரை அவர்களே ஏற்பாடு செய்தார்கள். 381 நாள் தாக்குப்பிடித்தார்கள். அந்தச் சிரமத்திலேயே யாரை நம்பலாம், சண்டை வந்தால் யார் தீர்ப்பார் என்பதெல்லாம் பழகிப்போயிருந்தது. இன்று ஒரே ராத்திரியில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது, பழக்கம் சேர்வதில்லை. எதிர்த்தரப்பு “சரி, பேச ரெண்டு பேரை அனுப்புங்க” என்று சொன்னால் போதும், யார் அந்த ரெண்டு பேர் என்று குரூப் உடைந்துபோகும். எங்களுக்கும் உடைந்தது. விவரிக்க விருப்பமில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன்: பேசப் போகிறவர்கள் யார், எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஹேஷ்டேக் வைப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள்.

குரூப் விஷயத்தில் என் பழக்கம்: அறிவிப்புக்கு ஒரு குரூப், அதில் அட்மின் மட்டுமே எழுதலாம். அரட்டைக்கு வேறொன்று. வேலை செய்கிறவர்களுக்கு எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போகாத ஒன்று. காலை வணக்கப் படங்கள் நடுவே கூட்ட நேரம் புதைந்துபோவதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. 2020 ஜூன் 2 அன்று அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஆதரவாக நல்லெண்ணத்தில் லட்சக்கணக்கானோர் சமூக ஊடகத்தில் கறுப்புச் சதுரம் போட்டார்களே, பலர் அதில் அந்தப் போராட்டத்தின் பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஹேஷ்டேக்கையும் சேர்த்துவிட்டார்கள். போராட்டக் களத்துத் தகவல் தேடியவர்களுக்கு வெறும் கறுப்புக் கட்டங்களே வந்து விழுந்தன. தயவுசெய்து அந்த டேக்கை எடுத்துவிடுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர்களே கெஞ்ச வேண்டியதாயிற்று.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. டெலிகிராம் குரூப்புகளில் முழு மறையாக்கம், அதாவது குரூப்பில் இருப்பவர்களைத் தவிர நிறுவனம்கூடப் படிக்க முடியாத பூட்டு, கிடையாது. பலர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்துப் படங்களில் முகம் தெரிந்தால், போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். வேலை போகும் நிலையில் இருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். படத்தை ஃபைலாக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் அதோடு சேர்ந்தே போகக்கூடும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே செயலியில் வைக்காதீர்கள். 2011 ஜனவரி 28 அன்று எகிப்து அரசு தனக்கு எதிரான போராட்டத்தை அடக்க கிட்டத்தட்ட நாடு முழுவதும் இணையத்தை நிறுத்தியது. போராட்டம் நடந்த கெய்ரோவின் தாஹ்ரிர் சதுக்கத்தில் கூட்டம் குறையவில்லை. அதற்குள் மக்கள் நேரில் சந்தித்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் கதை அவ்வளவு பெரிதில்லை. யாரோ கும்பலாக ரிப்போர்ட் அடித்து எங்கள் பக்கத்தை நான்கு நாள் முடக்கினார்கள், அதுவும் கூட்டத்துக்கு முந்தின வாரம். அதில் இருந்த ஒருவரின் தொலைபேசி எண்ணும் எங்களிடம் தனியாக இல்லை. அன்றைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கினோம். பெயர், எண், எந்த வேலைக்குச் சரி என்றார், செய்தாரா. நான்கே கட்டம்.

கடைசியில் வாரத்தில் மூன்று நாள் இரவு 8 மணிவரை திறந்து வைக்கச் சம்மதித்தார்கள். மீதி நாட்களுக்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. முதல் சனிக்கிழமை புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தாரே, அவர்தான் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.