கேம்பர் வேன் ஆளில்லாத ரோட்டுல நின்னுட்டா? கேட்டவங்களுக்கு என் பதில்

வணக்கம் மக்களே. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல டீசல் வண்டி வேலை பார்க்குறவன், பழைய டீசல் வேன் ஒண்ணு வாங்கி கட்டில், சிங்க், ஃப்ரிட்ஜ் எல்லாம் நானே கட்டி மணாலி வழியா லடாக்ல இருக்கற லே வரைக்கும் குடும்பத்தோட ஓட்டிட்டு வந்தேன். அதுல இருந்து ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் மொத்தமா உக்காந்து பதில் சொல்லிடுறேன்.

தாம்பரம் தம்பி: அண்ணா, ஜூன் கடைசில மணாலி - லே போறோம். வழியில மெக்கானிக் கிடைப்பாங்களா? என்னென்ன ஸ்பேர் தூக்கிட்டு போகணும்?

வழியில வர்ற கேலாங் ஊரைத் தாண்டிட்டா நீதான் மெக்கானிக்னு நினைச்சுக்கோ தம்பி. ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மேல் ஹோஸ் கீழ் ஹோஸ், நாலஞ்சு ஹோஸ் கிளிப், டீசல் ஃபில்டர் ரெண்டு, ஃபியூஸ், கூலன்ட், பிரேக் ஆயில், பஞ்சர் கிட், காத்தடிக்கிற சின்ன கம்ப்ரஸர். எல்லாமே ஜிபி ரோட்டுல ஒரே மதியத்துல வாங்கிடலாம். ஒரு விஷயம், பெல்ட் புதுசா மாட்டிட்டு, நல்லா ஓடிட்டு இருந்த பழசை ஸ்பேரா வெச்சுக்கோ. அப்பதான் அது உன் வண்டிக்கு கரெக்டா உக்காரும்னு கண்ணால பார்த்த மாதிரி இருக்கும், புதுப்பொட்டலத்தை அங்க போய் பிரிச்சு சைஸ் மாறியிருந்தா யார்கிட்ட போய் சண்டை போடுவ?

கொளத்தூர் நண்பர்: ப்ரோ, உங்க வண்டி எங்கயாவது நின்னுச்சா? உண்மைய சொல்லுங்க.

நின்னுச்சு ப்ரோ, சர்ச்சு தாண்டி காட்டா லூப்ஸ்ல, 21 வளைவு இருக்கே அங்க. பாதி ஏறும்போது ஹீட் முள்ளு சரசரன்னு மேல போகுது, ஒரு இனிப்பு வாசனை வேற, கூலன்ட் கசிஞ்சா அப்படித்தான் வரும். ஓரங்கட்டி பார்த்தா மேல் ஹோஸ் முனையில ரெண்டு விரல் தள்ளி கிழிஞ்சிருக்கு. ஏன்னு பார்த்தா தண்ணி டேங்குக்கு நான் அடிச்ச பட்டை அதுல உரசி உரசி அறுத்திருக்கு. கம்பெனி மேலயா பழி போட முடியும், என் கைதான்.

இப்ப கேளுங்க. ஊர்ல எங்க மேஸ்திரி சொல்லிக் கொடுத்த வித்தை என்னன்னா, ஹோஸ்ல டேப் சுத்திட்டு ரேடியேட்டர் மூடியை பாதி லூசா விட்டுடு, பிரஷர் ஏறாது, டேப் தாங்கும்னு. அதையே பண்ணேன். 2 கி.மீ. போறதுக்குள்ள பொங்கிடுச்சு. அப்புறம்தான் மண்டையில உறைச்சது, 4,600 மீட்டர் உயரத்துல தண்ணி சுமார் 85 டிகிரிலயே கொதிக்கும், மூடி டைட்டா இருந்து பிரஷர் ஏறினாத்தான் அந்த கொதிநிலை மேல போகும், நான் அதையே தொறந்து விட்டுட்டேன். அம்பத்தூர் வித்தை அம்பத்தூர்ல மட்டும்தான். முக்கா மணி நேரம் ஆற விட்டு, கிழிஞ்ச துண்டை பிளேடால வெட்டி எறிஞ்சு, மிச்ச ஹோஸை இழுத்து கிளிப் போட்டு முறுக்கி, மூடியை நல்லா மூடி, லே வரைக்கும் அதுலயே போயிட்டேன். சூடா இருக்கும்போது மூடியை தொறக்கவே தொறக்காதீங்க, முகத்துல அடிக்கும்.

வேளச்சேரி சகோதரி: அண்ணா, காலைல எழுந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகல, டிக் டிக்னு சத்தம் மட்டும். ஏலகிரிலயே இப்படி, லடாக்ல என்ன ஆகும்?

ஃப்ரிட்ஜும் ஃபேனும் வண்டி பேட்டரிலயே ஓடுதா மா? அப்படின்னா அதுதான். ஸ்டார்ட் பண்ற பேட்டரி தனி, ஃப்ரிட்ஜ், ஃபேனுக்கான வீட்டு பேட்டரி தனி, நடுவுல ரெண்டையும் பிரிச்சு வைக்கற ஒரு ஐசோலேட்டர், இந்த மூணும் இல்லாம கேம்பர்னு சொல்லிக்கவே கூடாது. ஸ்டார்ட் பண்ற பேட்டரி இன்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், ஓடும்போது 14 பக்கம் காட்டணும். ஓடும்போதும் 12லயே நின்னா பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்ல கோளாறு, இல்லன்னா பெல்ட்ல. ஜம்ப் கேபிள்ல சிவப்பை ரெண்டு பிளஸ்லயும் மாட்டிட்டு, கருப்பை நல்ல பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, உங்க வண்டி இன்ஜின் இரும்புல இன்னொரு முனை. வீட்டு பேட்டரி லித்தியம்னா இன்னொண்ணு, ஜீரோ டிகிரிக்கு கீழ அதை சார்ஜ் பண்ணா கெட்டுடும், அதனால சீட்டுக்கு கீழ உள்ளயே வைங்க.

அண்ணா நகர் சார்: மேல ஏறும்போது இழுவையே இல்ல, கரும்புகை வருதுன்னு சொல்றாங்களே, இன்ஜின் போயிடுச்சா?

இல்ல சார். அந்த வழியில இருக்கற தங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர், காத்தழுத்தம் நம்ம மெரினாவுல இருக்கறதுல பாதிதான். காத்து பத்தாம டீசல் முழுசா எரியாது, அதான் புகை. ஏர் ஃபில்டரை தட்டி சுத்தம் பண்ணுங்க, முதல் கியர்ல பொறுமையா ஏறுங்க, கிளட்ச்சை பாதி அமுக்கி வெச்சு தாங்காதீங்க. கருகின வாசனை வந்துட்டா கிளட்ச் பிளேட் கதை முடிஞ்சுது, அதை ரோட்டோரம் கழட்டி மாத்த முடியாது.

பெரம்பூர் தம்பி: டீசல் எங்க போடணும்ணா?

தாண்டின்னு ஒரு ஊர் வரும், அங்க இருக்கற பங்க்ல. அடுத்த பங்க் 365 கி.மீ.ன்னு அங்க போர்டே ஃபேமஸ். டேங்கை ஃபுல் பண்ணிட்டு கேன்லயும் 20 லிட்டர் வெச்சுக்கோ. காலியாகி நின்னுட்டா டீசல் ஊத்தினா மட்டும் போதாது, லைன்ல ஏர் புடிச்சிருக்கும், ஃபில்டர் மேல இருக்கற கை பம்ப்பை கெட்டியாகுற வரை அமுக்கணும். புது காமன் ரெயில் வண்டில, அதாவது ஒரே பைப்புல அதிக பிரஷர்ல டீசல் நிக்கற வண்டில, இன்ஜெக்டர் பைப்பை மட்டும் லூஸ் பண்ணிடாத, அதுல வர்ற பிரஷர் தோலை கிழிச்சு உள்ள போயிடும், விளையாட்டு இல்ல. பிஎஸ்6 வண்டின்னா புகையை சுத்தம் பண்ண ஊத்துற ஆட்ப்ளூ திரவமும் இருக்கான்னு பாரு, அது மைனஸ் 11ல உறைஞ்சிடும்.

மயிலாப்பூர் அம்மா: நைட்ல நடு ரோட்டுல நின்னா குழந்தைங்களோட என்ன பண்றது?

வண்டிய விட்டு நடந்து போகாதீங்கம்மா, அது ஒண்ணுதான் முக்கியம். ஓரமா நிறுத்தி, சிவப்பு முக்கோணத்தை பின்னாடி நல்லா தள்ளி வெச்சு, இண்டிகேட்டர் நாலும் போட்டு உள்ளயே இருங்க. அந்த ரோட்டுல லாரிக்காரங்க நிறுத்தாம போக மாட்டாங்க, எங்களுக்கும் ஒருத்தர் டீ போட்டு கொடுத்துட்டுதான் போனார். ஆனா குளிருதேன்னு ஜன்னலை மூடிட்டு உள்ள கேஸ் அடுப்பை எரிய விடாதீங்க, கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாம ஆளை தூங்க வெச்சுடும். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒண்ணு வாங்கிடுங்க.

போரூர் நண்பர்: இறக்கத்துல பிரேக் கருகுற வாசனை வருது, நார்மலா?

நார்மல் இல்ல. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பண்ற வேலையே வேணாம், பிரேக்கை அமுக்கிட்டே இருக்காம விட்டு விட்டு பிடிங்க. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போனா பிரேக் ஆயில் கொதிச்சிருக்குன்னு அர்த்தம், நிறுத்தி ஆற விடணும், பிரேக் டிரம் மேல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

ஆவடி தம்பி: அண்ணா, இப்பதான் வண்டி கட்டி முடிச்சோம். நேரா லடாக் போயிடலாமா?

வேணாம்டா. முதல்ல தண்ணி டேங்க், சாமான், ஆளுங்க எல்லாம் ஏத்தி லாரி எடை போடுற ஒரு வே பிரிட்ஜ்ல எடை போடு. ஆர்சி புக்ல போட்டிருக்கற மொத்த எடைக்கு மேல இருந்தா மரச் சாமானை கழட்டு, 100 லிட்டர் தண்ணியே 100 கிலோடா. ஸ்பிரிங் பட்டை உடையறதும் டயர் வெடிக்கறதும் பாதி இதனாலதான். அப்புறம் அதே லோடோட கொல்லிமலை போ, 70 கொண்டை ஊசி வளைவு, ஏறி இறங்கு. இறங்கினதும் நாலு வீல் பக்கத்துலயும் கையை கொண்டு போய் பாரு. ஒண்ணு மட்டும் அனலா இருந்தா பிரேக் புடிச்சிருக்கு, இல்ல பேரிங். திரும்பி வந்து எனக்கு எது சூடா இருந்துச்சுன்னு சொல்லு, மத்ததை அப்புறம் பேசலாம்.